மறுபதிப்பில் மீண்ட ஒரு குடும்ப நாவலை வார இறுதியில் கூடி வாசிப்பது எப்படி

வெளியான காலத்தில் பரவலாக விற்று, பின்னர் கடைகளிலிருந்து மறைந்து, பல பத்தாண்டுகள் கழித்து யாரோ ஒருவரின் பிடிவாதத்தால் மீண்டும் வாசகர் கைக்கு வந்த குடும்ப நாவல்கள் ஆங்கிலத்தில் ஏராளம். இங்கிலாந்தின் விராகோ பதிப்பகம் 1978இல், மறக்கப்பட்ட பெண் எழுத்தாளர்களின் நூல்களை மீட்பதற்கென்றே ஒரு வரிசையைத் தொடங்கியது. 1999 முதல் நூல்களை வெளியிட்டுவரும் பெர்செஃபனி பதிப்பகம், இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் பெரும்பாலும் பெண்கள் எழுதி மறக்கப்பட்ட நூல்களைத் தேடியெடுத்து, சாம்பல் நிற அட்டையும் நாவலின் காலத்துத் துணி வடிவத்தைக் கொண்ட உள்ளட்டையுமாக அச்சிடுகிறது. அந்தப் பதிப்பகம் முதல் ஆண்டிலேயே மீட்டெடுத்த நூல்களில் ஒன்று, அமெரிக்க எழுத்தாளர் டாரதி கேன்ஃபீல்ட் ஃபிஷர் 1924இல் எழுதிய ‘தி ஹோம் மேக்கர்’. நண்பர்கள் நான்கைந்து பேர் ஒரு வீட்டில் கூடி, வெள்ளி மாலை தொடங்கி ஞாயிறு மாலைக்குள் வாசித்து முடிக்க இதைவிடப் பொருத்தமான நாவல் எனக்குத் தெரியவில்லை. அதை எப்படிச் செய்வது என்பதை இங்கே விரிவாகச் சொல்கிறேன்.

கதையின் தொடக்கத்தை மட்டும் சொல்லிவிடலாம். அமெரிக்காவின் வடகிழக்கே உள்ள நியூ இங்கிலாந்துப் பகுதிச் சிறுநகரம் ஒன்றில் ஈவாஞ்சலின் நாப் என்ற இல்லத்தரசி வீட்டைக் கண்ணாடிபோல் வைத்திருக்கிறாள். அந்தத் தூய்மைக்காகத் தன்னையும் மூன்று குழந்தைகளையும் வாட்டுகிறாள். கணவன் லெஸ்டர், நகரத்துப் பெரிய கடையின் கணக்குப் பிரிவில், கவிதை வரிகளை மனத்துக்குள் சொல்லிக்கொண்டே நாளைத் தள்ளுகிறவன். வேலை பறிபோன நாளில், பக்கத்து வீட்டுக் கூரையில் பிடித்த தீயை அணைக்க ஏறியவன் பனி உறைந்த கூரையிலிருந்து விழுந்து சக்கர நாற்காலிக்கு வருகிறான். அதன் பிறகு அவள் அதே கடையில் வேலைக்குச் செல்கிறாள், அவன் வீட்டைப் பார்த்துக்கொள்கிறான். இருவரும் தங்களுக்கு உரிய இடத்தை அப்போதுதான் அடைகிறார்கள்.

இந்த நாவலை வாசிக்கக் கூடும் வீட்டில் முதலில் முடிவுசெய்ய வேண்டியது சமையலறைப் பொறுப்பு. வாசிப்பவர்கள் கூடத்தில் அமர்ந்து குடும்ப உழைப்பைப் பற்றி ஆழ்ந்து பேசிக்கொண்டிருக்க, அந்த வீட்டுப் பெண் மட்டும் அடுப்படியில் நின்று எல்லோருக்கும் காபி கலந்துகொண்டிருந்தால், நாவல் எழுப்பும் கேள்வியை அந்தக் கூட்டமே காதில் வாங்கவில்லை என்றுதான் பொருள். எனவே யார் எந்த வேளைக்குச் சமைப்பது, யார் பாத்திரம் தேய்ப்பது, குழந்தைகள் இருந்தால் யார் எப்போது அவர்களுடன் இருப்பது என்பதை வெள்ளிக்கிழமைக்கு முன்பே பேசி, ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவிடுங்கள். வழக்கமாகச் செய்யாதவர்களுக்கு வழக்கமில்லாத வேலையைக் கொடுங்கள். சனிக்கிழமை மதிய உணவை ஓர் ஆண் தனியாகப் பொறுப்பேற்பதும், காய் வாங்குவது முதல் அடுப்பு மேடையைத் துடைப்பது வரை அவரே செய்வதும், அன்று பிற்பகல் லெஸ்டரின் சமையலறைக் காட்சிகளை வாசிக்கும்போது அவருக்கு எத்தனை துணையாக இருக்கும் என்பதை நீங்களே காண்பீர்கள். இயலுமானால் உணவை எளிமையாக வைத்துக்கொள்ளுங்கள். புளிசாதமும் தயிர்சாதமும் ஒரு நாள் முழுவதையும் தாங்கும்.

நூலைப் பெறுவது கடினமல்ல. ஆசிரியர் 1958இல் மறைந்தார்; அவர் மறைந்து 60 ஆண்டுகள் கடந்துவிட்டதால் இந்தியச் சட்டப்படி இந்த நாவலின் காப்புரிமை முடிந்துவிட்டது. 1924இல் வெளியான நூல்களுக்கு அமெரிக்காவில் 2020ஆம் ஆண்டு தொடக்கத்திலேயே காப்புரிமை நீங்கியது. ஆகவே மின்னூலைத் தேடிப் பகிர்வதில் தயங்க வேண்டியதில்லை. ஆனாலும் குழுவுக்கு ஒரு படியாவது அச்சு நூலாக இருப்பது நல்லது. உரக்க வாசிக்கும் நேரத்தில் கைமாற்றிக்கொள்ள அது வசதி.

நாவல் ஏறக்குறைய 300 பக்கம். ஆங்கிலத்தை நிதானமாக வாசிப்பவருக்கு மணிக்கு 25 பக்கம் என்று கொண்டால் 12 மணி நேரம் ஆகும். உறக்கம், உணவு, உரையாடல் போக இரண்டு நாள்களில் இது அடங்கும், ஆனால் சற்று நெருக்கித்தான் அடங்கும். ஆங்கில வாசிப்பில் வேகம் குறைந்தவர்கள் முந்திய வாரமே முதல் 50 பக்கங்களைப் படித்துவிட்டு வரட்டும். இதில் கூச்சப்பட ஏதுமில்லை. வேகமாக முடிப்பவர்கள் மற்றவர்களின் பக்கத்தைத் தாண்டி எதையும் சொல்லிவிடாமல் இருப்பது ஒன்றே கண்டிப்பான விதியாக இருக்கட்டும். இந்த நாவலின் கடைசிப் பகுதியில் ஒரு முடிவு எடுக்கப்படுகிறது. அதை முன்கூட்டியே கேட்டுவிட்டவருக்கு வாசிப்பின் பாதி போய்விடும் என்பதால் நானும் அதை இங்கே எழுதவில்லை.

வெள்ளி மாலையில் முதல் அத்தியாயத்தை ஒருவர் மாற்றி ஒருவர் உரக்க வாசியுங்கள். நாவல் தொடங்கும் இடம் ஒரு சமையலறைத் தரை. அடுப்பிலிருந்து சாப்பாட்டு அறைக் கதவை நோக்கி வரிசையாகச் சொட்டியிருக்கும் கொழுப்புக் கறைகளை ஈவா ஆவேசமாகத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். முந்திய நாள் மகன் ஹென்றி இறைச்சித் தட்டைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு போனதன் விளைவு அது. எத்தனை முறை சொல்லியும் கேட்காத பிள்ளை என்ற அவளது எரிச்சல், தேய்க்கும் கையின் அசைவோடு சேர்ந்தே வாக்கியங்களில் ஓடுகிறது. கண்ணால் வேகமாக ஓட்டினால் இது வெறும் கறை. குரலில் கேட்கும்போதுதான் அவளுடைய மூச்சிரைப்பு தெரியும். இதனால்தான் குடும்ப நாவலின் தொடக்கத்தையாவது உரக்க வாசிக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறேன். இங்கே போரோ கொலையோ இல்லை. ஒரு தட்டு சாய்ந்த கோணத்தில் ஒரு குடும்பத்தின் நிலை முழுவதும் இருக்கிறது, அதைத் தவறவிட்டால் பிறகு பிடிப்பது கடினம்.

சனிக்கிழமை காலை தனித்தனியாக வாசியுங்கள். ஈவா, லெஸ்டர், குழந்தைகள், உறவினரான மேட்டி ஃபார்னம் என்று வெவ்வேறு மனங்களுக்குள் நாவல் மாறி மாறி நுழைவதால், ஒவ்வொருவரும் ஒரு கதைமாந்தரைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டு, அவர் எதைப் பார்க்கிறார், எதைப் பார்க்கத் தவறுகிறார் என்று பக்க எண்ணோடு குறித்துவைப்பது பெரிதும் பயன்படும். கடைக்குட்டி ஸ்டீஃபனை எடுத்துக்கொள்பவர் பாக்கியசாலி. பொல்லாத பிள்ளை என்று வீடே முத்திரை குத்திய அவன், தன் கரடி பொம்மையோடு ஒளிந்துகொள்வதற்கான காரணம் அம்மா அதைத் துவைத்துவிடுவாளோ என்ற அச்சம்தான். அந்த அச்சத்தை அதுவரை எவருமே கவனிக்கவில்லை என்பதை லெஸ்டர் உணரும் பக்கங்கள் என்னை ஒவ்வொரு வாசிப்பிலும் உலுக்குகின்றன.

மதிய உணவுக்குப் பிறகு மீண்டும் கூடும்போது, முட்டை அடிக்கும் கைக்கருவியான எக் பீட்டரை ஸ்டீஃபன் சுழற்றக் கற்றுக்கொள்ளும் காட்சியை மட்டும் சேர்ந்து வாசியுங்கள். ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் சுழற்ற வேண்டும். சின்னஞ்சிறு கைகளுக்கு அது எளிதில் வசப்படவில்லை. அருகில் இருக்கும் லெஸ்டர் கை நீட்டி உதவாமல், தானே கண்டுபிடிக்கட்டும் என்று தன்னை அடக்கிக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கிறான். இந்த இடத்தில் ஆசிரியரைப் பற்றிய ஒரு செய்தியைக் குழுவுக்குச் சொல்லுங்கள்: குழந்தைகள் தாமே செய்து கற்கும் முறையை வகுத்த மரியா மாண்டிசோரியின் பள்ளியை ரோமில் நேரில் கண்டு, 1912இல் அமெரிக்கத் தாய்மார்களுக்காக அந்தக் கல்விமுறையைப் பற்றி நூல் எழுதியவர் கேன்ஃபீல்ட். அந்த அறிவு இக்காட்சியில் போதனையாக ஒலிக்காமல் ஒரு தகப்பனின் பொறுமையாக மாறியிருப்பது கதைசொல்லியின் திறமை. குழந்தைகளோடு வந்திருப்பவர்கள் இதை வாசித்த பிறகு நீண்ட நேரம் பேச விரும்புவார்கள். பேச விடுங்கள், அட்டவணை சற்றுப் பின்தங்கினாலும் பாதகமில்லை.

மாலை உரையாடலில் ஒரு கவனம் தேவை. ஈவாவைக் கொடுமைக்காரத் தாயாக்கி, லெஸ்டரைத் தியாகியாக்கி முடித்துவிடும் பேச்சு மிக எளிதில் தொடங்கிவிடும். அவள் பக்கத்தைப் பேச ஒருவரை முன்கூட்டியே நியமித்துக்கொள்ளுங்கள். தோலில் படை படையாக வெடிக்கும் நோயோடு, தனக்குச் சிறிதும் ஒத்துவராத வேலையை ஒரு நாளும் விடாமல் செய்து, அதைக் கடமை என்றே நம்பியவள் அவள். கடையின் பெண்கள் ஆடைப் பிரிவில் நுழைந்ததும் அவளுடைய அதே ஒழுங்கும் கூர்மையும் வாடிக்கையாளருக்குப் பொருத்தமான உடையைத் தேர்ந்துகொடுக்கும் திறனாக மலர்வதை ஆசிரியர் எத்தனை அன்போடு எழுதியிருக்கிறார் என்பதைப் பக்கத்தைத் திறந்து காட்டுங்கள். அதேபோல், பெண்கள் வேலைக்குப் போக வேண்டும் என்ற ஒற்றை வரிக்குள் நாவலை அடைப்பதும் நியாயமல்ல. ஆசிரியரே இதைக் குழந்தைகளின் உரிமைக்கான குரலாகவே கருதினார். யாருக்கு எந்த வேலை இயல்பாக வருகிறதோ அதை ஊர் வாய்க்கு அஞ்சாமல் செய்ய ஒரு குடும்பத்தால் முடியுமா என்பதே இந்நாவலின் கேள்வி என்பது என் கருத்து. லெஸ்டர் காலுறைக்கு இழையோட்டித் தைப்பதைப் பார்த்து மேட்டி திடுக்கிடும் காட்சியைத் திரும்பப் படித்தால், அந்த ஊர் வாய் எவ்வளவு நல்லெண்ணத்தோடும் பேசக்கூடியது என்று புரியும்.

ஞாயிறு காலையில் கடைசிப் பகுதியைத் தனியாக வாசியுங்கள். முடித்தவுடன் பேச வேண்டாம். ஒரு மணி நேரமாவது இடைவெளி விட்டு, ஒவ்வொருவரும் தாம் அந்த இடத்தில் இருந்தால் என்ன முடிவெடுத்திருப்போம் என்பதை இரண்டு வரியில் எழுதிய பிறகு கூடுங்கள். முதலில் பேசுபவரின் கருத்துக்கு மற்றவர்கள் சாய்ந்துவிடாமல் இருக்க இது உதவும். சிலர் முடிவை மகிழ்ச்சியானது என்பார்கள், சிலருக்கு நெஞ்சு கனக்கும். இரண்டுக்கும் நாவலில் சான்று உண்டு. அது நூறு ஆண்டுக்கு முந்திய அமெரிக்கா என்பதை நினைவூட்டுங்கள். பெண்களுக்கு வாக்குரிமையை உறுதிசெய்த அரசியலமைப்புத் திருத்தம் 1920இல் வந்து நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன. பிறகு தத்தம் வீட்டைப் பற்றிப் பேசுவதற்கும் இடம் கொடுங்கள், ஆனால் யாரையும் சொல்லச்சொல்லி வற்புறுத்த வேண்டாம். கணவனும் மனைவியுமாக வந்தவர்கள் சிலவற்றைத் திரும்பிப் போகும் வண்டியில் பேசிக்கொள்ள விரும்பலாம்.

குழு தொடர விரும்பினால் அடுத்ததாக டாரதி விப்பிள் 1953இல் எழுதிய ‘சம்ஒன் அட் எ டிஸ்டன்ஸ்’ நாவலைப் பரிந்துரைக்கிறேன். அதுவும் பெர்செஃபனி மீட்டெடுத்ததுதான். நிம்மதியான ஓர் ஆங்கிலக் குடும்பம் வெளியாள் ஒருத்தியின் வருகையால் சிதைவதைச் சொல்வது. அதை உடனே தொடங்காமல் சில வாரங்கள் தள்ளி வைத்துக்கொண்டு, அதற்குள் வேறொரு வீட்டையும், சமையல் பொறுப்புக்கு வேறு ஆள்களையும் முடிவுசெய்துகொள்ளுங்கள்.