ஊர் வீட்டுப் பிரிட்ஜில் மீனை வைக்கும் முன்

மாதக்கணக்காகப் பூட்டிக் கிடந்த ஊர் வீட்டில் பிரிட்ஜைப் போட்ட அன்றைக்கே மீனை அடுக்காதீர்கள். முதலில் கதவு ரப்பரைச் சவர்க்காரம் கலந்த இளஞ்சூட்டுத் தண்ணீரால் துடையுங்கள். அதன் மடிப்புக்குள்தான் கறுப்புப் பூஞ்சணம் ஒளிந்திருக்கும். பிறகு ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுங்கள். தாள் வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் பிடிக்கவில்லை. எவ்வளவு நேரம் ஓடினாலும் குளிர் உள்ளே தங்காது.

ஓர் இரவு வெறும் பெட்டியாக ஓடவிட்டு, நடுத்தட்டில் தண்ணீர்க் குவளைக்குள் வெப்பமானியை வைத்துக் காலையில் பாருங்கள். 5 பாகை செல்சியசுக்கு மேல் காட்டக்கூடாது. உறைபெட்டிக்கு கழித்தல் 18. இதற்கான சின்ன வெப்பமானியைப் பயணப்பெட்டியில் போட்டுக்கொண்டு வாருங்கள். குளிரைக் கூட்டிக் குறைக்கும், எண்கள் உள்ள திருகியில் பெரும்பாலும் பெரிய எண்தான் கூடிய குளிர்.

யாழ்ப்பாணத்தில் குருநகரிலோ பாசையூரிலோ வாங்கும் மீனுக்கு ஐஸ் போட்ட ரெஜிபோம் (தெர்மோகோல்) பெட்டி கட்டாயம். 32 பாகை தாண்டிய வெயிலில் ஐஸ் இல்லாமல் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் மீன் கிடக்கக்கூடாது. வீட்டுக்கு வந்ததும் குடலையும் பூவையும் (செவுளையும்) எடுத்துக் கழுவி, நீரை வடித்து, மூடிய பாத்திரத்தில் கீழ்த்தட்டில் வையுங்கள். மேலே வைத்தால் மீன்தண்ணி மற்றச் சாப்பாட்டில் சொட்டும். இரண்டு நாளுக்குள் சமைக்காத மீனை, ஒரு வேளைக்கு ஒரு பொதியாகக் கட்டி உறைபெட்டியில் போடுங்கள்.

சூரை, கும்பளா, சாளை மூன்றிலும் கூடுதல் கவனம் வேண்டும். சூட்டில் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் என்ற நச்சுப் பொருள் உண்டாகிறது. கொதிக்கவைத்தாலும் உறையவைத்தாலும் அது போகாது. மணத்திலும் தெரியாமல் இருக்கலாம். சாப்பிட்டுச் சற்று நேரத்தில் முகம் சிவந்து, தலையிடித்து, உடம்பு அரிக்கும். ‘ஊர்த் தண்ணி ஒத்துக்கொள்ளவில்லை’ என்று அதை விட்டுவிடாதீர்கள். மூச்சுத் திணறினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சோற்றிலும் இதே சிக்கல் உண்டு. அரிசியில் இருக்கும் ஒருவகைக் கிருமியின் வித்துகள் அவிந்த பிறகும் உயிரோடிருக்கும். வெளியே கிடக்கும் சோற்றில் அவை பெருகி வெளியிடும் நஞ்சு, சூடுகாட்டினாலும் அழியாது. மிஞ்சியதை அகன்ற தட்டில் பரப்பி ஆறவிட்டு, ஒரு மணித்தியாலத்துக்குள் உள்ளே வைத்து மறுநாளே முடியுங்கள். தேங்காய்ப்பால் விட்ட சொதியையும் சம்பலையும் அந்தந்த வேளைக்கு அளவாகச் செய்வதே நல்லது.

மின்வெட்டு வந்தால் கதவைத் திறக்காதீர்கள். மூடிய பிரிட்ஜ் 4 மணித்தியாலம் தாங்கும். நிரம்பிய உறைபெட்டி 48, பாதி நிரம்பியது 24. வெளியூர் போகும்போது ஒரு கோப்பைத் தண்ணீரை உறையவைத்து, அதன்மேல் 5 ரூபாய்க் குத்தி ஒன்றை வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வரும்போது குத்தி அடியில் கிடந்தால், எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது. கல்லுமாதிரி இருந்தாலும் அந்த மீனையும் இறைச்சியையும் எறியுங்கள்.

மின்சாரம் வந்துவந்து போகும் நாளில் பிளக்கைக் கழற்றிவிட்டு, நிலையாக வந்து 5 நிமிடம் கழித்துப் போடுங்கள். உள்ளே வாயு அழுத்தம் சமனாகுமுன் ஓடத் தொடங்கினால் கம்பிரசர் திணறும்.

அம்மா அப்பாவின் திறக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 பாகை வேண்டும். ஒற்றைக் கதவுப் பெட்டியில் பின்சுவரும் உறைபெட்டிக்கு நேர் கீழே உள்ள தட்டும் அதற்கு ஆகாது. ஒருமுறை உறைந்த இன்சுலின் உருகித் தெளிந்தாலும் ஏற்றக்கூடாது.