உங்கள் தொட்டியில் இருப்பது எந்த மொஸ்?

திருகோணமலையில் மீன்தொட்டிக்குப் பச்சைக் கொத்து வாங்கினால், பெரும்பாலும் ‘ஜாவா மொஸ்’ என்றே சொல்லித் தருவார்கள். அந்தப் பெயரை அப்படியே நம்ப வேண்டாம். வெள்ளைக் கோப்பை, கைவில்லை, ஊசி இருந்தால் நீங்களே பார்த்துவிடலாம். கடைசிப் படிக்கு மட்டும் நுணுக்குக்காட்டி வேண்டும்.

படி 1: மொஸ்தானா?

நிலாவெளிப் பாறையில் பிடுங்கியது என்றால் இதோடு நிறுத்திவிடலாம். கடலுக்குள் வாழும் மொஸ் கிடையாது, அது அல்கா. நன்னீரில் எடுத்ததைக் கோப்பை நீரில் விரித்துப் பாருங்கள். தண்டும் இலையும் இல்லாத வெறும் நூல் என்றால் அதுவும் அல்காதான். ‘மொஸ் உருண்டை’ என்று விற்கும் மாரிமோவும் அந்தக் கூட்டம்தான். இலையே இல்லாமல் கவடு கவடாகப் பிரியும் மெல்லிய பட்டை ரிக்சியா. அது மொஸ்ஸுக்கு உறவான ஈரலுருத் தாவரம். கணுவுக்குக் கணு வட்டமாக இலை விட்டு, உண்மையான வேரும் இருந்தால் ஹைட்ரில்லா மாதிரிப் பூக்கும் தாவரம். மொஸ்ஸுக்கு வேர் இல்லை. கல்லைப் பிடித்திருக்கும் பழுப்பு நூல்கள் வேர்ப்போலிகள்.

படி 2: இலை வரிசை

புதிதாக வளர்ந்த நுனியையே எடுங்கள். வெளிச்சம் குறைந்த மூலையில் வளர்ந்தது நீண்டு மெலிந்து ஏமாற்றும்.

இலைகள் இரண்டே வரிசையில், ஒரே தளத்தில் தட்டையாக நின்றால் ஃபிசிடென்ஸ் என்ற மொஸ் பேரினம். ஊசியால் ஓர் இலையை விலக்குங்கள்: அடிப்பகுதி சட்டைப்பை போலப் பிளந்து தண்டைக் கவ்வியிருக்கும். இதை ஒருமுறை பார்த்தால் மறக்காது. மூன்று வரிசை, நடுநரம்பு இல்லை, இலை நடுவே மடிந்திருக்கிறது என்றால் ஃபொண்டினாலிஸ் என்ற பேரினம். தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் பெயரிட்ட இனம் இதில்தான் வருகிறது. குளிர்ந்த ஓடைகளுக்கு உரியது. நம் ஊர் வெக்கையில் அது தழைக்கிறது என்றால் பெயரில்தான் சந்தேகம்.

படி 3: ஜாவாவா, கிறிஸ்மஸா?

இந்த இரண்டிலும் சேராவிட்டால், ஜாவா மொஸ்ஸா, கிறிஸ்மஸ் மொஸ் என்ற இன்னொரு தொட்டி மொஸ்ஸா என்று பாருங்கள். கிளை ஒழுங்காக முக்கோணமாய் அடுக்கியிருந்தால் கிறிஸ்மஸ், தாறுமாறாக ஓடினால் ஜாவா என்பார்கள். அது ஊகம்தான். ஓர் இலையைக் கிள்ளி, ஒரு துளி நீரில் வைத்து, 400 மடங்கில் பாருங்கள். இலை ஒரே கல அடுக்கு என்பதால் சீவ வேண்டியதில்லை. கலங்கள் ஒடுங்கி நீண்டிருந்தால் டக்ஸிஃபில்லம் பேரினம். ஜாவா மொஸ் அதில் பார்பியெரி என்ற இனம். அகன்ற அறுகோணமாக இருந்தால் வெசிகுலேரியா பேரினம். கிறிஸ்மஸ் மொஸ் அதில் மொன்டாக்னி. ஜாவா மொஸ்ஸையே நெடுங்காலம் வெசிகுலேரியா டுபியானா என்று எழுதி வந்தார்கள், பழைய குறிப்புகளில் இன்னும் அப்படித்தான் இருக்கும். இப்போது அந்தப் பெயர் சிங்கப்பூர் மொஸ்ஸுக்கு.

படி 4: பெயர்ச் சீட்டு

பேரினம், வாங்கிய இடம், திகதி. இவ்வளவும் போதும். இனம் வரை போக வித்தி உறையும் (வித்திகள் உண்டாகும் சிறு பை) தேவைப்படலாம், அதுவோ தண்ணீருக்குள் அரிதாகத்தான் வரும்.