பருமனானவர்களின் பெருங்குடல் புற்றுநோய்: லேப்ராஸ்கோபியையும் திறந்த அறுவையையும் ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிறு துளைகள் வழியே கேமராவும் கருவிகளும் செலுத்திச் செய்வது லேப்ராஸ்கோபி; வயிற்றைக் கீறித் திறந்து செய்வது திறந்த அறுவை. பயிற்சி மருத்துவர்கள் இந்த ஒப்பீட்டை ஆய்வுத் தலைப்பாக எடுத்துக்கொண்டு வருகிறார்கள். ஆட்கள் மாறினாலும் விழும் குழி ஒன்றாகவே இருக்கிறது. எடையைத் தவறாகப் பதிவது, கோப்பைத் தொலைப்பது போன்றவற்றை எழுதப்போவதில்லை. அவை எப்படியும் பிடிபட்டுவிடும்.

பாதியில் வயிற்றைத் திறந்தவர்களை அணி மாற்றிவிடுவது

இன்றும் எனக்குக் கோபமூட்டும் தவறு இது. ஒரு மாணவர் கொண்டுவந்த அட்டவணையில் லேப்ராஸ்கோபி பக்கம் நம்ப முடியாத அளவுக்குச் சுத்தமாக இருந்தது. அறுவைக் குறிப்புகளை வரவழைத்துப் படித்தேன். ஒரு நோயாளிக்கு நான்கு துளைகள் இட்டு, நெடுநேரம் போராடி, சிறுகுடல் ஒதுங்காததால் வயிற்றைத் திறந்திருந்தார்கள். பிறகு காயத்தில் சீழ் வைத்து, தையல் பிரிந்து, அவர் வாரக்கணக்கில் படுக்கையில் கிடந்தார். அட்டவணையில் அவர் 'திறந்த அறுவை' என்ற பத்தியில் இருந்தார். முடிந்த விதம் திறந்த அறுவைதானே என்றார் மாணவர்.

தொடங்கிய விதம்தான் கணக்கு. கற்பனை எண்களில் பாருங்கள். லேப்ராஸ்கோபியாகத் தொடங்கியவர்கள் 100 பேர். அவர்களில் 20 பேருக்கு இடையில் திறக்க நேர்ந்தது. காயத்தொற்று, துளைகளிலேயே முடிந்த 80 பேரில் 8 பேருக்கு. திறக்க நேர்ந்த 20 பேரில் 6 பேருக்கு. முதலிலேயே திறந்த 100 பேரில் 15 பேருக்கு. சரியாகக் கணக்கிட்டால் 14 சதவீதத்துக்கு 15 சதவீதம், ஏறக்குறைய சமம். அந்த 20 பேரை அணி மாற்றினால் 10 சதவீதத்துக்கு 17.5 சதவீதம்! ஒரு நோயாளிக்கும் எதுவும் மாறவில்லை. ஒரு பத்தி மாறியதற்கே இவ்வளவு வெற்றி.

பருமனானவர்களிடம் இந்தப் பிழை இன்னும் ஊதிப் பெருக்கிறது. குடலைப் பின்சுவரோடு இணைத்து இரத்தக்குழாய்களைத் தாங்கும் மடிப்பான குடல்தாங்கியில் கொழுப்பு தடித்திருப்பதால் இரத்தக்குழாயின் வேர் தெரிவதில்லை. தலைப்பக்கம் தாழ்த்தி, வயிற்றில் வாயு நிரப்பினால் நுரையீரல் அழுத்தம் ஏறுகிறது. மயக்க மருத்துவர் போதும் என்கிறார். ஆகவே பாதியில் திறப்பது இவர்களுக்குத்தான் அதிகம். இரு முறைகளையும் ஒப்பிட்டு 2004இல் வெளியான அமெரிக்காவின் காஸ்ட் (COST) ஆய்விலேயே 21 சதவீதம் பேருக்குத் திறக்க நேர்ந்தது. அவர்களை லேப்ராஸ்கோபி அணியிலேயே வைத்துக் கணக்கிட்டதால்தான் புற்றுநோய் திரும்பும் விகிதம் இரு முறைகளிலும் ஏறத்தாழ ஒன்றே என்ற முடிவை நம்ப முடிகிறது.

'எந்த முறையில் முடிந்தது' என்ற பத்தியைத் தாராளமாகச் சேருங்கள். அணி பிரிக்க மட்டும் அதைத் தொடாதீர்கள்.

பருமனானவர்களே இல்லாத ஆய்வைச் சான்றாகக் காட்டுவது

இதே ஒப்பீட்டைச் செய்த ஐரோப்பாவின் கலர் (COLOR) ஆய்வு, பி.எம்.ஐ. (உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் குறியீடு) 30க்கு மேற்பட்டவர்களைச் சேர்க்கவே இல்லை. ஆய்வின் முடிவைப் படிக்கும் முன் யாரை விலக்கினார்கள் என்று படியுங்கள்.

பி.எம்.ஐ.யை மட்டும் நம்புவது

அறுவை மருத்துவரின் கையைக் கட்டுவது தோலடிக் கொழுப்பைவிட உள்ளுறுப்புகளைச் சுற்றிய கொழுப்புதான். ஒரே பி.எம்.ஐ. உள்ள இருவரில் ஒருவருக்கு இடுப்பிலும் தொடையிலும் சதை, மற்றவருக்கு வயிற்றுக்குள். இரண்டாமவரின் அறுவைதான் கடினம். சி.டி. ஸ்கேன் எப்படியும் எடுத்திருப்பீர்கள். தொப்புள் மட்டத்தில் கொழுப்பின் பரப்பை அளந்துவிடுங்கள். இன்னொன்று: ஜப்பானிய ஆய்வுகளில் பருமன் 25இல் தொடங்குகிறது, மேலை நாட்டு ஆய்வுகளில் 30இல். இரண்டையும் கூட்டிச் சராசரி எடுக்காதீர்கள்.

எளிய கட்டிகளை ஒரு பக்கம் குவிப்பது

குடலடைப்போடு வந்தவரும் கட்டி அருகுறுப்பில் ஒட்டியவரும் திறந்த அறுவைக்கே அனுப்பப்பட்டிருந்தால், அது ஒப்பீடே அல்ல.

அறுவைக்குப் பின் 30 நாளில் கணக்கை முடிப்பது

தழும்பின் வழியே குடல் பிதுங்குவது பெரும்பாலும் மாதங்கள், ஆண்டுகள் கழித்து. பருமனானவர்களை அதிகம் வாட்டுவது அதுதான்.