பில்லிங் மென்பொருள் சப்போர்ட்: டிக்கெட்டை எடுத்து முடிக்கும் முறை

கடைகளுக்கும் சிறு ஆலைகளுக்கும் ஜிஎஸ்டி பில்லிங் மென்பொருள் செய்யும் கம்பெனியில் சப்போர்ட் வேலைக்குச் சேர்ந்தால் முதலில் மனப்பாடம் செய்ய வேண்டியவை தேதிகள். மாதக் கணக்கு போடுகிறவர்களுக்கு விற்பனை விவரம் தரும் ஜிஎஸ்டிஆர்-1 அடுத்த மாதம் 11, வரி கட்டும் சுருக்கக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-3பி 20. காலாண்டுக் கணக்கில் இருப்பவர்களுக்கு முதலாவது 13-ஆம் தேதி, இரண்டாவது தமிழ்நாட்டில் 22-ஆம் தேதி. வாங்கிய சரக்குக்குக் கட்டிய உள்ளீட்டு வரியைச் சரிபார்க்கும் 2பி அறிக்கை 14-ஆம் தேதி வரும். ஆகவே 9, 10, 11 தேதிகளிலும் 18, 19, 20 தேதிகளிலும் போன் ஓயாது. அந்த நாட்களில் லீவு கேட்காதீர்கள், கேட்டாலும் கிடைக்காது. 1 முதல் 5 வரை கொஞ்சம் காற்று வாங்கலாம். போன மாதம் பாதியில் நின்ற டிக்கெட்டுகளை, அதாவது வாடிக்கையாளர் புகார்ப் பதிவுகளை, முடிக்க அதுதான் நேரம்.

போனில் முதல் இரண்டு நிமிடம்

"பில் வரலைங்க." ஒரு நாளில் அதிகம் கேட்கும் வாக்கியம் இதுதான். இதற்குக் குறைந்தது நான்கு அர்த்தம் உண்டு: பில் சேவ் ஆகவில்லை; சேவ் ஆகிறது, ஆனால் பிரிண்ட் வரவில்லை; பிரிண்ட் வருகிறது, ஆனால் தாள் வெறுமையாக இருக்கிறது; எல்லாம் சரி, ஆனால் ஜிஎஸ்டிஆர்-1 பட்டியலில் அந்த பில் இல்லை. நான்குக்கும் போகும் வழி வேறு வேறு. எது என்று தெரியாமல் ரிமோட்டில் நுழைந்தால் அரை மணி நேரம் பிரிண்டரை நோண்டிவிட்டு, பிரச்சினை கணக்குப் பட்டியலில் என்று கடைசியில் தெரியவரும்.

அதனால் இதே வரிசையில் கேளுங்கள். லைசென்ஸ் எண் என்ன, எந்த வெர்ஷன்? எல்லா கம்ப்யூட்டரிலும் இப்படியா, ஒன்றில் மட்டுமா? எல்லா பில்லுக்குமா, ஒரு பில்லுக்கு மட்டுமா? கடைசியாக எப்போது சரியாக இருந்தது? அதற்குப் பிறகு புது பிரிண்டர், புது கம்ப்யூட்டர், விண்டோஸ் அப்டேட், புது ஆள் என்று ஏதாவது வந்ததா? ஒரு கம்ப்யூட்டரில் மட்டும் என்றால் குறை அந்த இயந்திரத்தில். எல்லாவற்றிலும் என்றால் சர்வர், நெட்வொர்க் அல்லது செட்டிங். ஒரே ஒரு பில் என்றால் அந்த பில்லின் விவரத்தில். இந்தப் பிரிப்பு முடிந்தாலே பாதி வேலை முடிந்தது.

"புது ஆள்" என்ற கேள்வியைக் கூச்சமில்லாமல் கேளுங்கள். கணக்குப்பிள்ளை மாறிய வாரத்தில் வரும் புகார்களில் நிறைய, பழைய ஆள் வழக்கமாகச் செய்துவந்த ஒரு வேலையைப் புதியவர் செய்யாததால் வருபவை.

ரிமோட்டில் போகும் முன்

எனிடெஸ்க் போன்ற மென்பொருளில் இணைப்பதற்கு முன் கடைக்காரரின் அனுமதியை வாயால் கேட்டு, டிக்கெட்டில் நேரத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். பாங்க் பக்கம், வாட்ஸாப் எல்லாம் மூடச் சொல்லுங்கள். ஜிஎஸ்டி போர்ட்டலின் பாஸ்வேர்டையோ ஓடிபியையோ போனில் வாங்காதீர்கள். அவரே தட்டட்டும். அவசரத்தில் "நீங்களே போட்டுக்கோங்க தம்பி" என்று சொல்லத்தான் செய்வார்கள். "இல்லைங்கண்ணா, அது உங்க கைல இருக்கட்டும்" என்றால் யாரும் கோபிப்பதில்லை.

அடுத்தது பேக்கப். விதி ஒன்றுதான்: டேட்டாவில் ஒரு எழுத்தை மாற்றப் போனாலும் முதலில் பேக்கப். "தினமும் ஆட்டோ பேக்கப் ஓடுதுங்க" என்பதை நம்பாமல் அந்த ஃபோல்டரைத் திறந்து இரண்டைப் பாருங்கள்: கடைசிக் கோப்பின் தேதி, அதன் அளவு. நேற்றுவரை 400 எம்பி இருந்த கோப்பு இன்று 2 எம்பி என்றால் பேக்கப் பாதியில் நின்றிருக்கிறது. டேட்டா இருக்கும் அதே டிரைவிலேயே பேக்கப்பும் இருந்தால், டிஸ்க் போகும் நாளில் இரண்டும் சேர்ந்து போகும். பென்டிரைவிலோ வேறு கம்ப்யூட்டரிலோ ஒரு பிரதி வையுங்கள்.

ரீஸ்டோர் செய்ய நேர்ந்தால் மென்பொருளில் ஓடிக்கொண்டிருக்கும் கம்பெனிக் கணக்கின் மேலேயே செய்யாதீர்கள். 'டெஸ்ட்' என்ற பெயரில் தனிக் கம்பெனி உருவாக்கி அதில் ஏற்றி, கடைசி பில் எண்ணையும் அன்றைய விற்பனைத் தொகையையும் கடைக்காரரை வைத்தே சரிபாருங்கள். காலை பேக்கப்பை மாலையில் மேலே ஏற்றினால் அன்று பகலில் போட்ட பில் அத்தனையும் போய்விடும். சப்போர்ட்டில் திருத்தவே முடியாத தவறுகள் மிகச் சில. இது அதில் ஒன்று. பெரிய திருத்தம் எதுவானாலும் மளிகைக் கடைக்கு மதியம் 2-லிருந்து 4-க்குள் வைத்துக்கொள்ளுங்கள். சாயங்காலக் கூட்டத்தில் கவுண்டரை நிறுத்தச் சொன்னால் நிறுத்த மாட்டார்கள், நிறுத்தவும் கூடாது.

ஜிஎஸ்டிஆர்-1 விற்பனைப் பதிவேட்டோடு ஒத்துப்போகாதபோது

10-ஆம் தேதி வரும் டிக்கெட்டுகளில் பெரும்பாலானவை இந்த வகை. "உங்க சாஃப்ட்வேர் தப்பாக் காட்டுது" என்று ஆடிட்டர் அலுவலகத்திலிருந்து கூப்பிடுவார்கள். இரண்டு தொகைகளையும் வாங்கி, வித்தியாசத்தை முதலில் கணக்கிடுங்கள். வித்தியாசம் என்ன தொகை என்பதே பல நேரம் காரணத்தைச் சொல்லிவிடும். அது அப்படியே ஒரு பில்லின் தொகை என்றால், அந்த பில் விடுபட்டிருக்கிறது. ஒரு கிரெடிட் நோட்டின் (விற்றதில் கழித்துத் தரும் சீட்டு) இரு மடங்கு என்றால், கழிக்க வேண்டியது கூட்டப்பட்டிருக்கிறது. சில ரூபாய்கள் மட்டும் என்றால் ரவுண்ட் ஆஃப்: ஒன்றில் ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாக முழு ரூபாயாக்கியிருப்பார்கள், மற்றதில் பில்லின் மொத்தத்தில்.

அதிலும் பிடிபடவில்லை என்றால் தேதி வரம்பு இரண்டிலும் ஒன்றா, ரத்து செய்த பில்கள் ஒன்றில் சேர்ந்திருக்கிறதா, ஜிஎஸ்டி எண் இல்லாத வாடிக்கையாளர் எந்தப் பிரிவில் விழுந்திருக்கிறார் என்று பாருங்கள். வெளிமாநிலத்தில் பதிவு இல்லாதவருக்குப் போட்ட பெரிய பில்லைத் தனித்தனியாகக் காட்டும் வரம்பு 2024 ஆகஸ்ட்டில் 2.5 லட்சத்திலிருந்து 1 லட்சமாகக் குறைந்தது. பழைய வெர்ஷனை இன்னும் ஓட்டிக்கொண்டிருப்பவர்களிடம் இந்த பில்கள் தவறான பிரிவில் கிடக்கும்.

இந்தத் தேடலை 3பி போடும் நாள்வரை தள்ளக் கூடாது. 2025 ஜூலை மாதக் கணக்கிலிருந்து ஜிஎஸ்டிஆர்-1-ல் இருந்து வரும் வரித்தொகையை 3பி-யில் கையால் மாற்ற முடியாது. தவறு இருந்தால் 3பி போடுவதற்கு முன்பே திருத்தப் படிவமான ஜிஎஸ்டிஆர்-1ஏ வழியாகத் திருத்த வேண்டும். 20-ஆம் தேதி சாயங்காலம் வரும் பதற்றமான போன்களுக்குப் பின்னால் பெரும்பாலும் இதுதான் இருக்கும்.

ஜிஎஸ்டி எண்ணை போர்ட்டல் ஏற்கவில்லை என்றால் கண்ணாலேயே சோதிக்கலாம். மொத்தம் 15 இடம். முதல் இரண்டு மாநிலம்: தமிழ்நாடு 33, புதுச்சேரி 34, கேரளா 32, கர்நாடகா 29. அடுத்த பத்து பான் எண்: 5 எழுத்து, 4 எண், 1 எழுத்து. 14-ஆவது இடத்தில் வழக்கமாக 'இசட்' இருக்கும். எண் வர வேண்டிய இடத்தில் 'ஓ' என்ற எழுத்தும், எழுத்து வர வேண்டிய இடத்தில் சுழியமும் உட்கார்ந்திருப்பதுதான் அடிக்கடி பார்க்கும் பிழை. வாட்ஸாப்பில் வந்த போட்டோவைப் பார்த்துத் தட்டினால் அப்படித்தான் ஆகும்.

இ-இன்வாய்ஸ்

ஆண்டு விற்றுமுதல் 5 கோடிக்கு மேல் போனவர்களுக்கு பில்லை அரசு போர்ட்டலில் பதிவேற்றி எண் வாங்கும் இந்த முறை 2023 ஆகஸ்ட் 1 முதல் கட்டாயம். அடிக்கடி வரும் பிழை 2150, அதாவது ஐஆர்என் (போர்ட்டல் பில்லுக்குத் தரும் தனி எண்) ஏற்கெனவே இருக்கிறது. பயப்பட ஒன்றுமில்லை. பில் போர்ட்டலுக்குப் போய், 64 எழுத்து ஐஆர்என் உருவாகி, பதில் திரும்பி வரும் வழியில் நெட் அறுந்திருக்கும். போர்ட்டலில் எண் இருக்கிறது, மென்பொருளில் இல்லை. செய்ய வேண்டியது அந்த ஐஆர்என்-ஐ எடுத்துவந்து பில்லோடு சேர்ப்பது மட்டும். பில் எண்ணை மாற்றி மறுபடி அனுப்பினால் ஒரே சரக்குக்கு இரண்டு பில் ஆகிவிடும். வாடிக்கையாளர் அதைத்தான் முதலில் செய்து பார்ப்பார். "எண்ணை மட்டும் மாத்திடாதீங்க" என்று போனை எடுத்ததுமே சொல்லிவிடுங்கள்.

ஐஆர்என்-ஐ ரத்து செய்வதற்கு 24 மணி நேரம்தான். அதற்குமேல் கிரெடிட் நோட் போட்டோ, ஜிஎஸ்டிஆர்-1-இல் திருத்தியோதான் சரிசெய்ய முடியும். அந்த பில்லுக்கு இ-வே பில் (சரக்கு வண்டியில் போவதற்கான சீட்டு) உயிரோடு இருந்தால் முதலில் அதை ரத்து செய்ய வேண்டும், இல்லாவிட்டால் ஐஆர்என் ரத்தாகாது. ரத்தான பில் எண்ணை மறுபடி பயன்படுத்தவும் முடியாது. 10 கோடியும் அதற்கு மேலும் விற்றுமுதல் உள்ளவர்கள் பில் தேதியிலிருந்து 30 நாளுக்குள் பதிவேற்ற வேண்டும் என்ற விதி 2025 ஏப்ரல் 1 முதல் இருக்கிறது. பழைய தேதி போட்டு பில் அடிக்கும் பழக்கம் உள்ளவர்கள் இங்கே மாட்டுவார்கள்.

பின்கோடும் மாநிலமும் பொருந்தவில்லை என்ற பிழை விழுப்புரம், கடலூர், மயிலாடுதுறைப் பக்கம் அதிகம். 605-ல் தொடங்கும் பின்கோடு புதுச்சேரிக்கும் உண்டு, விழுப்புரத்துக்கும் உண்டு. 609 மயிலாடுதுறைக்கும் உண்டு, காரைக்காலுக்கும் உண்டு. முகவரியில் ஊரைச் சரியாகப் போட்டுவிட்டு மாநிலத்தை மாற்ற மறந்திருப்பார்கள். இது வெறும் பிழைச் செய்தியோடு நிற்காது. காரைக்கால் வாடிக்கையாளருக்கு வெளிமாநில விற்பனைக்கான ஐஜிஎஸ்டி போட வேண்டிய இடத்தில் உள்மாநில விற்பனைக்கான சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி விழுந்திருக்கிறதா என்றும் சேர்த்துப் பாருங்கள்.

எக்செல் செய்யும் சேட்டை

பொருள் பட்டியலை எக்செல்லிலிருந்து ஏற்றும்போது மூன்று இடத்தில் அடிபடும். பருப்பின் ஹெச்எஸ்என் (பொருள் வகைக் குறியீடு) 0713, காபியின் 0901. எக்செல் முன்னால் உள்ள சுழியத்தைத் தின்றுவிட்டு 713, 901 என்று வைக்கும். 890-ல் தொடங்கும் 13 இலக்க பார்கோடு சுருங்கி 8.90E+12 போலக் காட்சி தரும், அப்படியே சேவ் செய்தால் கடைசி இலக்கங்கள் திரும்பி வராது. விண்டோஸில் தேதி அமைப்பு அமெரிக்க முறையில் இருந்தால் ஏப்ரல் 5 மே 4 ஆகும். மூன்றுக்கும் மருந்து ஒன்றே: டேட்டாவை ஒட்டுவதற்கு முன்பே அந்த நெடுவரிசைகளை டெக்ஸ்ட் ஆக மாற்றிவிடுவது. ஒட்டிய பிறகு மாற்றினால் பயனில்லை. முழுப் பட்டியலையும் ஏற்றும் முன் 10 பொருளை மட்டும் ஏற்றிப் பாருங்கள்.

பில் எண்ணுக்கு உச்சம் 16 எழுத்து. மூன்றெழுத்துச் சுருக்கம், சாய்கோடு, 2025-26, சாய்கோடு, ஐந்து இலக்க எண் என்று அழகாக அமைத்தால் 17 ஆகிவிடும். ஆண்டை 25-26 என்று சுருக்கினால் 15. மார்ச் கடைசி வாரத்திலேயே வாடிக்கையாளர்களைக் கூப்பிட்டுப் புது ஆண்டுக்கான வரிசையை அமைத்துவிட்டால் ஏப்ரல் 1 காலை நிம்மதி.

வரி விகிதம் எவ்வளவு, ஹெச்எஸ்என் எது என்று கேட்டால் பதில் சொல்வது உங்கள் வேலை இல்லை. "ஆடிட்டர்கிட்ட கேட்டுச் சொல்லுங்க சார், எங்க மாத்தணும்னு நான் காட்டுறேன்" என்பதோடு நிறுத்துங்கள். 2025 செப்டம்பர் 22-இல் விகிதங்கள் மாறியபோது வந்த கேள்விகளில் ஒன்று மட்டும் மென்பொருளைச் சேர்ந்தது: அதற்கு முன் விற்ற சரக்கு திரும்பி வந்தால் கிரெடிட் நோட்டில் பழைய பில்லின் விகிதமே வர வேண்டும். பழைய பில்லைத் தேர்ந்தெடுத்து அதிலிருந்து கிரெடிட் நோட் போட்டால் தானாக வரும், பொருள் பட்டியலிலிருந்து புதிதாகப் போட்டால் புது விகிதம் வந்து நிற்கும்.

டெவலப்பரிடம் அனுப்பும்போது

"கிளையன்ட் சிஸ்டம்ல ரிப்போர்ட் தப்பா வருது, அர்ஜென்ட்." இப்படி ஒரு டிக்கெட் போனால் டெவலப்பர் திருப்பி அனுப்புவார், அது நியாயமும்கூட. டெஸ்ட் கம்பெனியில் அதே பிழையை நீங்களே ஒருமுறை வரவழைத்துப் பாருங்கள். வந்தால் இப்படி எழுதலாம்: "10 ரூபாய்க்கு ஒரு பொருள், அளவு 3, தள்ளுபடி 5 சதவீதம், வரி உட்பட விலை. பில்லில் வரி சரி. ஹெச்எஸ்என் தொகுப்பில் தள்ளுபடி கழியாமல் 30 ரூபாய்க்குக் கணக்காகிறது. வரி தனியாக உள்ள விலையில் இந்தப் பிழை இல்லை." கடைசி வாக்கியம்தான் தங்கம். எங்கே பிழை வரவில்லை என்று சொன்னால் டெவலப்பர் தேட வேண்டிய இடம் பாதியாகக் குறையும். வெர்ஷன் எண்ணும் ஸ்கிரீன்ஷாட்டும் சேருங்கள். வாடிக்கையாளரின் பேக்கப்பை அனுப்ப வேண்டியிருந்தால் அவரிடம் கேட்டுவிட்டு அனுப்புங்கள், வேலை முடிந்ததும் அழியுங்கள்.

எல்லாவற்றையும் அர்ஜென்ட் என்று போட்டால் எதுவும் அர்ஜென்ட் இல்லை. கவுண்டரில் பில் நின்றுவிட்டது, அது முதல். கணக்கு தாக்கல் செய்ய முடியவில்லை, கெடு நாளைக்கு, அது அடுத்தது. லோகோ கொஞ்சம் இடப்பக்கம் தள்ளித் தெரிகிறது என்பது வரிசையில் நிற்கட்டும், சத்தம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும். பிழையைத் திருத்தும் பேட்ச் தயார் என்று டெவலப்பர் சொன்னாலும் 10-ஆம் தேதியும் 19-ஆம் தேதியும் எல்லோருக்கும் ஏற்றாதீர்கள். அந்தப் பிழையில் சிக்கிய ஒருவருக்கு மட்டும் பேக்கப் எடுத்து ஏற்றலாம். வாடிக்கையாளரிடம் "நாளைக்குள்ள ஆயிடும்" என்று நீங்களாகச் சொல்லாதீர்கள். "நாளை மதியம் 12 மணிக்கு நிலவரம் சொல்லக் கூப்பிடுறேன்" என்பது உங்களால் காப்பாற்ற முடிந்த வாக்கு.

டிக்கெட்டை மூடுவதற்கு முன் வாடிக்கையாளரையே ஒரு பில் போடச் சொல்லிப் பாருங்கள். நீங்கள் போட்டு வந்தது கணக்கில் சேராது. ஷிஃப்ட் முடியும்போது பாதியில் நிற்பவற்றுக்கு மூன்று வரி எழுதிவிட்டுக் கிளம்புங்கள்: இதுவரை செய்து பார்த்தது என்ன, பேக்கப் எங்கே இருக்கிறது, வாடிக்கையாளருக்கு எத்தனை மணிக்குக் கூப்பிடுவதாகச் சொல்லியிருக்கிறது.