மாடுலர் கிச்சன்: சிங்க் அடியில் தொடங்கும் தவறுகள்

வேலூரில் காட்பாடி, சத்துவாச்சாரி பக்கம் புதிதாகக் கட்டும் வீடுகளில் கடப்பா கல் தட்டுகள் போய், பலகைப் பெட்டிகளாகச் செய்து பொருத்தும் மாடுலர் கிச்சன் வந்துவிட்டது. கடப்பா தட்டில் தண்ணீர் கசிந்தால் துடைத்துவிட்டுப் போகலாம். பலகைப் பெட்டியில் அப்படி முடியாது. இதை மறந்துதான் பலரும் ஷட்டரிலேயே, அதாவது வெளிக்கதவிலேயே, காசைக் கொட்டுகிறார்கள். அக்ரிலிக்கா, லேமினேட்டா என்று நாலு நாள் யோசிப்பார்கள். உள்பெட்டி என்ன பலகை என்று கேட்க மாட்டார்கள்.

விலை குறைந்த கொட்டேஷனில் உள்பெட்டி பெரும்பாலும் பார்ட்டிகிள் போர்டுதான். மரத்தூளைப் பசையில் அழுத்திச் செய்த பலகை அது. ஓரத்தில் ஈரம் ஏறினால் உப்பும்; உப்பிய இடத்தில் ஸ்க்ரூ பிடிக்காது, கீல் தொங்கிவிடும். சிங்க் பெட்டியைத் திறந்து, கழிவுக் குழாய்க்காகப் போட்ட ஓட்டையைப் பாருங்கள். லேமினேட் இல்லாத வெறும் பலகை அங்கேதான் தெரியும், ஈரமும் அங்கேதான் ஏறும். அந்த ஓரம் முழுக்க சிலிகான் பூசச் சொல்லுங்கள். சிங்க் பெட்டிக்காவது ஐஎஸ் 710 தர முத்திரையுள்ள 18 மி.மீ. மரைன் பிளை (ஈரம் தாங்கும் பிளைவுட்) கேளுங்கள். அதைப் பில்லிலும் எழுதி வாங்குங்கள். எங்களைக் கேட்டால் சிங்க், சிலிண்டர் இரண்டு இடத்தையும் கடப்பாவிலேயே கட்டி, கதவு மட்டும் போடுவது இன்னும் நல்லது. மற்ற பெட்டிகள் 4 அங்குல பிளாஸ்டிக் கால்களில் நிற்கட்டும். தரை கழுவும் தண்ணீர் தொடாது, கரையான் ஏறினாலும் கண்ணில் படும்.

சிலிண்டரை இறுக்கமான பெட்டிக்குள் அடைப்பது ஆபத்து. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனம். கசிந்தால் அடியிலேயே தேங்கும். கதவின் மேலே மட்டும் ஜாலி வைத்தால் பயனில்லை, தரையை ஒட்டியும் திறப்பு வேண்டும். ரெகுலேட்டரை மூட கை தாராளமாகப் போகணும். ரப்பர் டியூபை டிராயருக்குப் பின்னால் ஒளிக்காதீர்கள். விரிசல் கண்ணுக்குத் தெரியாது.

சிம்னிக்கு 6 அங்குலக் குழாய் கேட்டிருந்தால் சுவரில் 4 அங்குல ஓட்டை போடக்கூடாது. இழுப்பு குறைந்து, சத்தம்தான் கூடும். வளைவு இரண்டுக்கு மேல் வேண்டாம். மீன் வறுக்கும் வீட்டில் சுவரே இல்லாத ஓப்பன் கிச்சன் வைத்தால் ஹால் சோபா வரை வாடை வரும். ஒரு கண்ணாடித் தள்ளுகதவாவது இருக்கட்டும்.

மேடை உயரம் சமைப்பவரின் முழங்கைக்கு நாலைந்து அங்குலம் கீழே இருக்கணும். ஐந்தடி உயரம் உள்ளவருக்கு 32, 33 அங்குலம் போதும்.

போர் தண்ணீர் உப்பாக இருந்தால் பாலிஷ் போட்ட கறுப்பு கிரானைட் வேண்டாம். தினமும் வெள்ளைத் திட்டு துடைத்தே கை ஓய்ந்துவிடும்.

ஹாப்புக்கு, அதாவது மேடைக் கல்லில் பதிக்கும் அடுப்புக்கு, கல் வெட்டும் முன், ஞாயிற்றுக்கிழமை பிரியாணி போடும் தேக்சாவைக் கொண்டுவந்து அடுப்பு வரும் இடத்தில் வைத்துப் பாருங்கள். சுவருக்கும் பாத்திரத்துக்கும் நடுவே நாலு விரல் போகணும். பக்கத்து பர்னரில் குக்கரும் நிற்கணும்.