காது நரம்பு விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குமரி மாவட்டத்தில் குளச்சலோ தக்கலையோ மார்த்தாண்டமோ, ஒரு காது திடீரென்று அடைத்துக்கொண்டால் வீட்டில் நடப்பது ஒன்றுதான். தேங்காய் எண்ணெயைச் சூடாக்கி இரண்டு சொட்டு விடுவார்கள். "சளி இறங்கியிருக்கும், ரெண்டு நாளில் சரியாயிடும்" என்பார்கள். முதல் தவறு இந்தக் காத்திருப்புதான். மூன்று நாளுக்குள் ஒரு காது சட்டென்று மந்தமானால், அது நரம்பு சார்ந்த செவித்திறன் இழப்பாக இருக்கலாம். இதற்கான ஸ்டீராய்டு சிகிச்சையை முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால்தான் பலன் அதிகம். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

வீட்டிலேயே ஒன்று செய்து பார்க்கலாம். வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று முனகுங்கள். அடைத்த காதில் சத்தம் பலமாகக் கேட்டால் அழுக்கோ சளியோ காரணமாக இருக்கலாம். நல்ல காதில் பலமாகக் கேட்டால் நரம்பைச் சந்தேகிக்க வேண்டும். இது வெறும் குறிப்புதான். எந்தப் பக்கம் கேட்டாலும், ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடத்தில் காது மூக்கு தொண்டை மருத்துவரை உடனே பார்த்து, செவித்திறன் பரிசோதனை எடுத்துவிடுங்கள்.

மூளையிலிருந்து கிளம்பும் 12 ஜோடி நரம்புகளில் எட்டாவதுதான் காது நரம்பு. ஒரு கிளை நத்தைக்கூடு போன்ற உறுப்பிலிருந்து ஒலியையும், இன்னொன்று அரைவட்டக் குழாய்ப் பகுதியிலிருந்து சமநிலைச் செய்தியையும் மூளைக்குக் கொண்டுபோகிறது. முகத்தை அசைக்கும் ஏழாவது நரம்பும் காது நரம்பு போகும் அதே எலும்புப் பாதை வழியாகத்தான் போகிறது.

"வயசாயிட்டு, காது அப்படித்தான் இருக்கும்" என்பது அடுத்த தவறு. வயதும், வள்ளத்தின் இன்ஜின் இரைச்சலும் பெரும்பாலும் இரண்டு காதையும்தான் கெடுக்கும். ஒரு காது மட்டும் மெல்ல மந்தமாகி, அதிலேயே இரைச்சலும் இருந்தால், காரணம் தெரியாமல் காது மெஷின் வாங்காதீர்கள். சமநிலைக் கிளையின் உறையில் கட்டி வளரலாம். எம்ஆர்ஐ எடுத்தால் தெரியும். கட்டி என்றதும் பயப்பட வேண்டாம், இது புற்றுநோய் அல்ல. பெரும்பாலும் மெதுவாகவே வளரும். சிறியதாக இருந்தால் அவ்வப்போது ஸ்கேன் எடுத்துக் கண்காணிப்பதே பலருக்குப் போதும்.

தலைசுற்றல் வந்தால் பித்தம், கழுத்தெலும்புத் தேய்மானம் என்று பழி போட்டு மாதக்கணக்கில் மாத்திரை போடுகிறோம். படுக்கையில் புரளும்போது மட்டும் ஒரு நிமிடத்துக்குள் சுற்றி நின்றால், உள்காதின் சுண்ணாம்புத் துகள் இடம் மாறியிருக்க வாய்ப்பு அதிகம். மாத்திரை அதை நகர்த்தாது. மருத்துவர் தலையைக் குறிப்பிட்ட வரிசையில் திருப்பிச் செய்யும் எப்லி முறையில் பலருக்குச் சரியாகிவிடும். சமநிலை நரம்பு அழற்சி வேறு: நாள்கணக்கில் சுற்றும், வாந்தி வரும், காது மட்டும் நன்றாகக் கேட்கும். முதல் சில நாள் மாத்திரை தேவைப்படலாம், அப்புறம் எழுந்து நடந்தால்தான் மூளை பழகும்.

சுற்றலோடு பேச்சு குழறினால், பார்வை இரட்டையாகத் தெரிந்தால், நிற்கவே முடியாவிட்டால் பக்கவாதமாக இருக்கலாம். எண்ணெய், கஷாயம் எதுவும் வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஸ்ட்ரெப்டோமைசின், ஜென்டாமைசின் ஊசி, புற்றுநோய்க்குக் கொடுக்கும் சிஸ்பிளாட்டின் ஆகியவை உள்காதைப் பாதிக்கக்கூடியவை. முன்பு எடுத்திருந்தால் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். மேல்சிகிச்சைக்குத் திருவனந்தபுரம் போகிறவர்கள் பழைய செவித்திறன் வரைபடத்தையும் எடுத்துக்கொண்டு போங்கள். எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று ஒப்பிட அது வேண்டும்.