ஒரே ஓட்டில் ஆளுநர்: 1839 மாசசூசெட்ஸ் தேர்தலை எழுதுவோர் தவிர்க்க வேண்டியவை

பழைய அமெரிக்கத் தேர்தல்களைப் பற்றி எழுத வரும் இளைஞர்களின் கட்டுரைகளைத் திருத்திக் கொடுக்கிறேன். எழுத்துப் பிழை, பெயர்ப் பிழையெல்லாம் போகப் போகச் சரியாகிவிடும். ஆனால் ஆரம்பத்தில் நான் செய்த தவறுகளையே அவர்களும் வரிசையாகச் செய்கிறார்கள்.

"எவரெட்டை ஒரு ஓட்டில் தோற்கடித்தார்"

இதைப் பார்த்தாலே இன்றும் எரிச்சல் வருகிறது. அண்மையில் ஒரு தம்பி தலைப்பிலேயே இப்படிப் போட்டிருந்தார். கணக்கைத் தாளில் எழுதிக் கழித்துப் பார்க்கச் சொன்னேன். ஜனநாயகக் கட்சியின் மார்கஸ் மார்ட்டன் 51,034. பதவியில் இருந்த விக் கட்சி ஆளுநர் எட்வர்ட் எவரெட் 50,725. வித்தியாசம் 309. "அப்போ அந்த ஒரு ஓட்டு எங்கே சார்?" என்றார்.

நமக்குப் பழகிய முறையில் யாருக்கு அதிக ஓட்டோ அவரே வெற்றி. அன்றைய மாசசூசெட்ஸில் அது போதாது. பதிவான மொத்த ஓட்டில் பாதிக்கு மேல் வாங்க வேண்டும். மொத்தம் 102,066. பாதி 51,033. உதிரியாக வேறு பெயர்களுக்கு 307 ஓட்டு விழுந்திருந்தது. மார்ட்டன் தாண்டியது அந்தப் பாதிக்கோட்டை, அதுவும் ஒரே ஓட்டில். அந்த ஓட்டு வேறொருவருக்கு விழுந்திருந்தால் முடிவு சட்டமன்றத்தின் கைக்குப் போயிருக்கும்: முன்னணியில் இருக்கும் நால்வரில் இருவரைக் கீழவை தேர்ந்தெடுக்கும், அவர்களில் ஒருவரை மேலவை ஆளுநராக்கும். முந்நூறு ஓட்டு பின்தங்கிய எவரெட்டுக்கும் அங்கே வழி இருந்தது. ஆனாலும் அவர் முடிவை எதிர்த்து வழக்காடவில்லை. அவருடைய இந்தப் பெருந்தன்மை, விதி தெரியாதவர் எழுதும் கட்டுரையில் காணாமலே போய்விடுகிறது. 1842 தேர்தலில் மார்ட்டன் முதலிடம் வந்தும் பாதியைத் தொடவில்லை. அப்போது சட்டமன்றம்தான் அவரை ஆளுநராக்கியது. அதிக ஓட்டு வாங்கியவரே வெற்றி என்ற விதி 1855-இல்தான் வந்தது.

சாராயச் சட்டத்தை "மதுவிலக்கு" என்று முடித்துவிடுவது

1838-இல் எவரெட் கையெழுத்திட்ட சட்டம், 15 காலனுக்குக் குறைவாக, அதாவது சுமார் 57 லிட்டருக்குக் குறைவாக, சாராயம் விற்பதைத் தடுத்தது. பீப்பாயாக வாங்க வசதியுள்ளவருக்குத் தடையில்லை. கோப்பையாக வாங்குபவருக்குத்தான் அடி. அந்தக் கோபம் ஓட்டாக விழுந்தது.

அரசு அச்சிட்ட வாக்குச்சீட்டு

அப்போது கிடையாது. அதற்கான சட்டம் 1888-இல் வந்தது.

நான்கு ஆண்டுப் பதவி

அதுவும் இல்லை. ஆண்டுதோறும் தேர்தல். 1840 நவம்பரில் மார்ட்டன், விக் கட்சியின் ஜான் டேவிஸிடம் தோற்றார்.